சதை துடிக்கிறது: காத்திருப்பதா, நியூரோவிடம் போவதா, டெஸ்ட் எடுப்பதா?

கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கிறது. கண் இமை படபடக்கிறது. கட்டைவிரல் அடியில் ஏதோ சுண்டி இழுக்கிறது. ராத்திரி படுத்துக்கொண்டு செல்போனில் தேடினால் நாலாவது வரியிலேயே மோட்டார் நியூரான் நோய், அதில் முக்கியமான ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் செத்து உடம்பு வலுவிழக்கும் நோய்) என்று வந்து நிற்கிறது. அப்புறம் எங்கே தூங்குவது? இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "இப்ப நான் யாரைப் போய்ப் பாக்கணும்?"

மதுரையில் பதிலுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அக்கா "சத்து இல்ல தம்பி, ஊசி போட்டுக்க" என்பார். வேலை பார்க்கும் இடத்தில் "ஒரு எம்ஆர்ஐ எடுத்துருங்க சார், நிம்மதியா இருக்கலாம்" என்பார்கள். அப்பத்தாவைக் கேட்டால் ஆம்பளைக்கு வலது கண் துடித்தால் நல்லது என்று முடித்துவிடும். சொல்லப்போனால் மூவரில் அப்பத்தா சொல்வதில்தான் சேதாரம் குறைவு.

யாரிடம் போகலாம் என்று வழிகளை ஒப்பிடும் முன், பயத்தின் அளவைப் பார்த்துக்கொள்வோம். ஏஎல்எஸ், ஐரோப்பியக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்குப் புதிதாக வருகிறது. ஆசிய நாடுகளில் பொதுவாக அதைவிடக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30 லட்சம் பேர். அந்த ஐரோப்பிய விகிதத்தையே வைத்தாலும் மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை மொத்த மாவட்டத்துக்கும் ஆண்டுக்கு அறுபது பேர். இமையோ கெண்டைக்காலோ துடித்தவர்களை எண்ணுவது என்றால், ஒரு டீக்கடை வாசலில் நிற்பவர்களிலேயே பாதிப் பேர் தேறுவார்கள்.

## இந்த ஒப்பீடு யாருக்கு இல்லை

துடிப்பு வேறு, பலவீனம் வேறு. ஏஎல்எஸ் அடிப்படையில் பலவீன நோய். தசையை இயக்கும் நரம்பணுக்கள் செத்துப்போவதால் தசை வலுவிழந்து மெலிகிறது. துடிப்பு அதன் கூடவே வருவது. பெரும்பாலும் வலிகூட இருக்காது. அதனால் கவனிக்க வேண்டியவை இவை: சட்டைப் பொத்தான் போட வராமல் போவது, பூட்டில் சாவியைத் திருப்ப முடியாதது, நடக்கையில் தெரியாமலே செருப்பு கழன்று பின்னால் கிடப்பது, பேச்சு குழறுவது, தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிவிழுவது. இதில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள எதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே நரம்பியல் டாக்டரிடம் போங்கள். உடம்பின் ஒரு பக்கம் திடீரென்று செயலிழந்துவிட்டாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கு 108.

"பலவீனமா இருக்கிற மாதிரி இருக்கு" என்பது இந்தப் பட்டியலில் வராது. பயத்தில் கை கால் தளர்வாகத் தோன்றுவது சகஜம். டாக்டர்கள் கேட்பது 'முடிகிறதா, முடியவில்லையா' என்பதைத்தான்.

## எதை வைத்து அளப்பது

நான்கு விஷயங்கள். நிஜமாகவே ஏதாவது இருந்தால் இந்த வழி அதைத் தவறவிடாமல் பிடிக்குமா? பணமும் லீவும் எவ்வளவு போகும்? கிடைக்கிற நிம்மதி எத்தனை நாள் நிற்கும்? கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று: இந்த வழியே புதிதாக ஒரு பயத்தைக் கிளப்பிவிடுமா?

முதல் இரண்டை எல்லோரும் ஓரளவு சரியாகவே கணக்குப் போடுகிறார்கள். சறுக்குவது பின் இரண்டில்தான்.

| வழி | நோயைப் பிடிக்குமா | செலவு | நிம்மதி | புதுப் பயம் |
|---|---|---|---|---|
| சில வாரம் காத்திருப்பது | மெதுவாக | இல்லை | ஆளைப் பொறுத்தது | ஆளைப் பொறுத்தது |
| தெரு டாக்டர் | பெரும்பாலும் | குறைவு | நடுத்தரம் | குறைவு |
| நியூரோ டாக்டர் | நன்றாக | அரசில் இலவசம், தனியாரில் நடுத்தரம் | நல்லது, ஒரு முறை மட்டும் | குறைவு |
| நாமே போய் டெஸ்ட் எடுப்பது | குழப்பமாக | அதிகம் | சில நாள் | அதிகம் |
| மனநல டாக்டர் | அதன் வேலை அதுவல்ல | அரசில் இலவசம் | நீண்ட நாள் | ஆரம்பத்தில் கொஞ்சம் |

## காத்திருந்து பார்ப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். துடிப்பைக் கிளப்பும் சாதாரண காரணங்கள் ஏராளம்: தூக்கக் குறைவு, டீ காபி, மன அழுத்தம், புதிதாகச் சேர்ந்த ஜிம், சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டியது. தூங்கா நகரத்தில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர் விடிவதற்குள் எத்தனை டீ குடிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. மருந்துகளும் உண்டு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புடமால், நீர் பிரிய எடுக்கும் மாத்திரை, வருஷக்கணக்கில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை (இது சிலருக்கு மெக்னீசியத்தைக் குறைத்துவிடும்). இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

காசு செலவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. காத்திருப்பது என்றால் விட்டுவிடுவது. பயந்தவர்கள் விடுவதில்லை, டார்ச் அடித்துக் கெண்டைக்காலைப் பார்க்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்க்கிறார்கள். நீட்டிய நாக்கு யாருக்குமே லேசாக நடுங்கும்! டாக்டர்கள் நாக்கை வாய்க்குள்ளேயே தளர்வாக வைத்திருக்கச் சொல்லிப் பார்ப்பது அதனால்தான். குதிகாலில் நடந்து பார்க்கிறேன் என்று தினமும் நடந்தால் கால் வலிக்கும், அந்த வலி அடுத்த அறிகுறியாகிவிடும்.

கண் இமை மட்டும் துடிக்கிறது, தூக்கம் சரியில்லை என்று காரணமும் தெரிகிறது, அதை மறந்து வேலை பார்க்கவும் முடிகிறது என்றால் இதுவே போதும். பார்த்துக்கொண்டே இருக்கத்தான் முடியும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

## தெரு டாக்டர்

பத்து வருஷமாக உங்கள் வீட்டுக்கே பார்க்கும் எம்பிபிஎஸ் அல்லது எம்டி டாக்டரைச் சொல்கிறேன். முதல் படி பெரும்பாலோருக்கு இவர்தான். சர்க்கரை, தைராய்டு, கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம், பி12 ஆகியவற்றை ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். மெக்னீசியம் வழக்கமான மாஸ்டர் செக்கப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை. தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஒளிந்திருக்கும் சிக்கல் ஊசி. கேட்பவர் மனம் குளிரட்டும் என்று பல இடங்களில் அந்தச் சிவப்பு ஊசியைப் போட்டுவிடுவார்கள். அது பி12. குறைபாடு இருந்தால் நல்லதுதான். ஆனால் ரத்தம் எடுக்கும் முன்னால் போட்டுவிட்டால் நிஜமாகக் குறைவாக இருந்ததா என்பது அப்புறம் தெரியாமலே போய்விடும். "நரம்புக்கு" என்று மாசக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளில் பி6 இருக்கும். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் பி6 நரம்பையே கெடுக்கும், கை கால் மரத்துப்போகும். நரம்புக்குப் பயந்து விழுங்கிய மாத்திரையே நரம்பைக் கெடுத்தால் யாரிடம் போய் அழுவது?

இன்னொன்று, கூட்டம். மாலை ஏழு மணிக்கு நாற்பது டோக்கன் இருக்கும் இடத்தில் யாரும் வேட்டியை மடித்துக் காலைப் பார்க்க மாட்டார்கள். கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், "சதையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

## நியூரோ டாக்டர்

மதுரையில் இதற்கு இரண்டு வாசல். ஒன்று பெரியாஸ்பத்திரி, அதாவது கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு ராஜாஜி மருத்துவமனை. நரம்பியல் துறை இருக்கிறது, காசு கிடையாது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். அரை நாள் போய்விடும். தினக்கூலிக்காரருக்கு அந்த அரை நாள்தான் ஃபீஸ். இன்னொன்று தனியார். ஃபீஸ் சில நூறிலிருந்து ஆயிரத்தைத் தொடும்; ஆனால் டாக்டர் உட்கார்ந்து பேச வாய்ப்பு அதிகம்.

எதில் போனாலும் நீங்கள் வாங்கப் போவது அந்தப் பரிசோதனையை. எனக்குத் தெரிந்த திருமங்கலத்துத் தம்பி ஒருவன் தன் அம்மாவோடு போனபோது நடந்தது இது. சட்டையைக் கழற்றச் சொன்னார் டாக்டர். தோள், முதுகு, தொடை என்று ஒவ்வொரு சதையையும் வெளிச்சத்தில் பேசாமல் பார்த்தார். முழங்கால், கணுக்கால், முழங்கை எல்லாம் சுத்தியலால் தட்டினார். உள்ளங்காலில் சாவியால் கீறினார், பெருவிரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு. விரல்களை விரித்துவைத்து "நான் அமுக்குவேன், விடாதீங்க" என்றார். குதிகாலில் நடக்கவிட்டார், விரல் நுனியில் நடக்கவிட்டார், சம்மணம் போட்டுக் கையை ஊன்றாமல் எழச் சொன்னார். நடுவில் அவன் அம்மா, "அய்யா, ராப்பூரா காலையே பாத்துக்கிட்டுக் கெடக்கான்யா, சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். டாக்டர் திரும்பி, "அம்மா, காலுக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொன்னதுதான் முக்கியம்" என்றார்.

இந்தப் பதினைந்து நிமிஷம் எந்த ஸ்கேனைவிடவும் அதிகம் சொல்லும். பலவீனம், மெலிவு, அனிச்சைச் செயலில் மாற்றம் எதுவும் இல்லாத துடிப்பு, நோயாக முடிவது மிக அபூர்வம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இப்படிப்பட்ட 121 பேரை இரண்டு முதல் 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில் ஒருவருக்குக்கூட ஏஎல்எஸ் வரவில்லை. இந்தப் பயம் படிக்காதவர்களுக்கு மட்டும் வருவதாகவும் நினைக்க வேண்டாம். துடிப்பை வைத்து ஏஎல்எஸ் என்று பயந்துவிடும் டாக்டர்களைப் பற்றியே 2013இல் தனி ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. அந்தப் பயத்துக்குத் தனிப் பெயரும் வைத்தார்கள்.

இதில் குறை ஒன்று உண்டு. டாக்டர் போகிற போக்கில் "எதுக்கும் மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்று சொல்வார். பயந்தவர் காதில் 'எதுக்கும்' மட்டும் விழும். மூன்று மாசமும் அதையே மென்றுகொண்டிருப்பார். அதனால் எழுந்து வருவதற்கு முன் நேராகக் கேட்டுவிடுங்கள்: "பரிசோதனையில் ஏதாவது தப்பாக இருந்ததா? என்ன மாறினால் நான் திரும்பி வரணும்?" பதிலை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

## நாமே போய் டெஸ்ட் எடுப்பது

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழி இது. ஆனால் கையில் காசு இருப்பவர்கள் முதலில் ஓடுவது இங்கேதான்.

எம்ஆர்ஐ ஏஎல்எஸ்ஸைக் கண்டுபிடிக்கும் டெஸ்டே அல்ல. தண்டுவடத்தில் அழுத்தம் மாதிரி வேறு காரணங்களை விலக்கத்தான் டாக்டர்கள் எழுதுவார்கள். மூளை, முதுகுத்தண்டு என்று சேர்த்து எடுத்தால் தனியாரில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். வருகிற ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு லேசாகப் பிதுங்கியிருப்பது) என்று ஒரு வரி இருக்கும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. நரை மாதிரிதான் அதுவும். ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எலும்பு டாக்டர், பிசியோ, பெல்ட் என்று இன்னொரு சுற்று தொடங்கும்.

தசை சேதத்தைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான். முந்தின நாள் ஜிம்மில் எடை தூக்கியிருந்தாலோ மூட்டை சுமந்திருந்தாலோ அது ஏறித்தான் இருக்கும்.

ஈஎம்ஜி என்ற தசை மின்சோதனைக்குக் கொஞ்சம் மரியாதை தரலாம், இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவும் முக்கிய டெஸ்ட் அதுதான் என்பதால். முதலில் கை கால் நரம்பில் சின்னச் சின்னதாய் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள்; சுண்டும், அவ்வளவுதான். அப்புறம் மெல்லிய ஊசியைச் சதைக்குள் விடுவார்கள். ஊசி வழியாகக் கரண்ட் வராது. சதை எழுப்பும் மின்சாரத்தை அது கேட்கிறது, ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் வரும். சதையை இறுக்கச் சொல்லும்போது வலிக்கும், தாங்கக்கூடிய வலிதான். மாசக்கணக்காகத் துடிக்கும் சதையில் ஈஎம்ஜி சரியாக இருந்தால் அது பெரிய ஆறுதல். ஆனால் பரிசோதனை செய்த நரம்பியல் டாக்டர் சொல்லி எடுத்தால்தான் அதற்கு அர்த்தம். ரிப்போர்ட்டில் 'துடிப்பு காணப்பட்டது' என்று மட்டும் ஒரு வரி வந்தால் பயந்தவருக்கு அதுவே தீர்ப்பாகிவிடும். அது தெரிந்துதானே டெஸ்டுக்கே வந்தோம்? சதைக்கு வரும் நரம்பு செத்துப்போன அடையாளங்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

நிம்மதி எத்தனை நாள்? ரிப்போர்ட் நார்மல் என்று வந்த அன்று ஜிகர்தண்டா குடித்துக் கொண்டாடுவார்கள். அடுத்த வாரம், "அன்னைக்கு ஊசி போட்டது இடது கால்ல, இப்பத் துடிக்கிறது வலது தோள்ல" என்று தொடங்கும். ஃபைல் தடிக்கும், பயம் மெலியாது.

## மனநல டாக்டர், கவுன்சலிங்

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று ஒரு முறை தெளிவாகச் சொன்ன பிறகும் உடம்பையே கண்காணித்துக்கொண்டிருந்தால், அப்போது வைத்தியம் வேண்டியது அந்தக் கண்காணிப்புக்கு. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் நோய்ப் பதற்றத்துக்குத் தனி இடமே உண்டு. 'எல்லாம் உன் கற்பனை' என்று இதற்கு அர்த்தமில்லை. துடிப்பு நிஜம். பதற்றம் அட்ரினலினை ஏற்றுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டும் துடிப்பைக் கூட்டுகின்றன.

இதற்கு நன்றாக வேலை செய்வது சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை. உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் வேலையாக இருக்காது. ஒரு நாளில் எத்தனை முறை காலைப் பார்க்கிறீர்கள் என்று எழுதச் சொல்வார்கள், பார்க்கத் தோன்றும்போது பதினைந்து நிமிஷம் தள்ளிப்போடச் சொல்வார்கள், செல்போனில் தேடுவதை முதலில் ஒரு நேரத்துக்குக் கட்டி அப்புறம் நிறுத்தவைப்பார்கள், "ஏங்க, என் கால் மெலிஞ்சிருக்கா?" என்று கணவரிடம் கேட்டு உறுதி வாங்குவதையும் குறைக்கச் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் ஒத்துழைக்காவிட்டால் கடைசியாகச் சொன்னது நடக்காது.

தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். அதில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது: பதற்றத்துக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தர சில வாரம் ஆகும், முதல் வாரங்களில் படபடப்பையும் நடுக்கத்தையும் சிலருக்குக் கூட்டவும் செய்யும். இது தெரியாமல் "பாத்தியா, நோய் முத்திருச்சு" என்று மூன்றாம் நாளே நிறுத்தியவர்கள் உண்டு. சீட்டில்லாமல் யாரோ வாங்கித் தரும் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை வேறு கதை. அரை மணியில் சாந்தமாகும். பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

சிபிடி முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலத் துறை இருக்கிறது. வாடிப்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ உடனே வர முடியாதவர்கள் 14416க்குப் போன் போடலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவசச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம்.

இதன் ஒளிந்த செலவு ஊர் வாய்தான். வரன் பார்க்கும் நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? இந்தப் பயத்தைத் தள்ளிவிடச் சொல்வது சுலபம், வாழ்பவர்களுக்குத் தெரியும் கஷ்டம். போனில் தொடங்குவது அதற்கும் ஒரு வழி.

## 'நரம்புத் தளர்ச்சி' வைத்தியம்

பஸ் ஸ்டாண்டு சுவரில் நரம்புத் தளர்ச்சிக்கு என்று நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒரு முறை லாட்ஜில் ரூம் போட்டுப் பார்ப்பவர்கள் பற்றி ஒப்பிட எதுவும் இல்லை. பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள், பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதித் தர மாட்டார்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குப் போங்கள், பலவீனம் இருக்கிறதா என்று முதலில் ஒரு டாக்டர் பார்த்த பிறகு.

## யார் எங்கே போவது

முப்பது வயது, இமையோ காலோ துடிக்கிறது, வேறொன்றுமில்லை, இதுவரை எந்த டாக்டரிடமும் போகவில்லை: தெரு டாக்டர், ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் ஆறு வாரம் டீயைக் குறைத்துத் தூக்கத்தைக் கூட்டுவது.

அதைச் செய்தும் பயம் போகவில்லை, அல்லது ஒரே இடம் விடாமல் துடிக்கிறது, அல்லது வீட்டில் ரத்த சொந்தம் யாருக்காவது மோட்டார் நியூரான் நோய் இருந்தது: நியூரோ டாக்டர். ஏஎல்எஸ்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் குடும்ப வழி, ஆனாலும் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இணையத்தில் 'மதராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயரைப் பார்த்து, நம்ம பக்கத்து நோயாச்சே என்று நடுங்கியவர்களுக்கும் இதே பதில்தான். இளம் வயதில் கை கால் மெலிவு, முகத்திலும் நாக்கிலும் பலவீனம், காது மந்தம் என்று வரும் அபூர்வ நோய் அது. வெறும் துடிப்பு அதில் சேராது.

ஒரு நியூரோ டாக்டர் முழுதாகப் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகும் அடுத்த ஊர் டாக்டர், அடுத்த ஸ்கேன் என்று மனம் இழுக்கிறது: மனநல டாக்டர், தாமதிக்காமல். இரண்டாவது அபிப்பிராயம் ஒன்று கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு முறை கேளுங்கள். பழைய ஃபைலை மறைக்காமல் எடுத்துப் போங்கள். முதல் டாக்டர் எழுதிய சதை வலிமைக் குறிப்பு அதில் இருந்தால், இரண்டாமவர் அதோடு ஒப்பிட்டு இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும். புது ஆளாகப் போய் உட்கார்ந்தால் அவரும் முதலிலிருந்து டெஸ்ட் எழுத வேண்டியதுதான்.